கடிதத் திகதி விலை

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் குவைத்தில் இருந்து கடிதம் வந்தால், பிள்ளை சுகமாக இருக்கிறாளா என்று கேட்காத ஒரே மனுசி மாமிதான். கடிதத்தைக் கையில் வாங்குவார். உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார். பிறகு ஒரேயொரு கேள்வி.

"எழுதின திகதி என்ன?"

அறபி வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் சுட்டுப்போட்டார்கள் என்று ஒரு பிள்ளை அழுது எழுதியிருந்தபோதும் இதே கேள்விதான். அந்தப் பிள்ளையின் தாய் கடிதத்தைப் பறித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏச்செல்லாம் முடியும்வரை மாமி வெற்றிலையை மென்றுகொண்டு பார்த்திருந்தார். முடிந்ததும், "சரி, திகதியச் சொல்லு" என்றார். அப்படியே திகதி மாமி என்று பேர் விழுந்துவிட்டது. நேருக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவில்லை.

சொந்தக்காரி இல்லை. அம்மா அவரை மச்சாள் என்று கூப்பிட்டதால் எனக்கு மாமி. அவருடைய உண்மையான பேர் எது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது. ஆமிக்காரனின் சென்றிச் சோதனையில் ஒரு பேர் சொல்வார். காத்தான்குடிக் கடையில் இன்னொரு பேர். சங்கக் கடையில் சீனி, அரிசிக்குப் பதிந்த பேர் வேறொன்று. ஏன் மாமி இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரிட்டயும் ஒரே பேரச் சொன்னா, எல்லாரும் ஒண்டா இருந்து என்னைப் பத்திக் கதைக்க லேசாப் போயிரும்" என்றார்.

அவர் யாரையும் நம்பாதவர். பார்க்கப் போனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது அது ஒன்றைத்தான். வேறு வீடுகளில் தேத்தண்ணி குடிக்க மாட்டார். கட்டாயப்படுத்தினால், வீட்டுக்காரர் முதல் வாய் குடிக்கும்வரை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதை கொடுத்துக்கொண்டே இருப்பார். தெருவுக்கு முதுகைக் காட்டி இருக்கவே மாட்டார். தனியாக இருக்கிறீர்களே, ஒரு நாயாவது வளர்க்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு மீன் தலையக் காட்டினா ஆருக்கும் வாலாட்டும். அதுக்கு நான் எதுக்குச் சோறு போடணும்?" என்றார். மழையோ வெயிலோ, ஒரு கம்பி முறிந்த கறுப்புக் குடை மட்டும் எப்போதும் கக்கத்தில் இருக்கும். மழைக்கும் அதை அவர் விரித்து நான் கண்டதில்லை.

முன்னொரு காலத்தில் அவரும் குவைத்தில் இருந்தவர்தான். எங்கள் பக்கத்தில் முதல்முதலாகப் போன ஒன்றிரண்டு பேரில் ஒருவர் என்பார்கள். அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை. ஒரேயொரு தரம் வாய்தவறிச் சொன்னார்.

"என்னை ஏமாத்தினது அறபி இல்லகா. கட்டுநாயக்கா ஏர்போட்டில கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, நோட்டு மாத்தித் தாறன் தங்கச்சி எண்டு தமிழில கதைச்சவன்."

அதற்கு மேல் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

அவருடைய தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அந்தக் காலத்தில் எங்கள் செட்டிபாளையத்தில் இருந்து பெண்பிள்ளைகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். என் அக்காவும் போனாள். சம்பளத்தைச் சேர்த்து, லீவில் ஊருக்கு வருகிறவர்களின் கையில் தினார் நோட்டாகவே கொடுத்துவிடுவார்கள். கூடவே ஒரு கடிதம் வரும். நோட்டை மாற்ற வேண்டுமானால் களுவாஞ்சிகுடியில் வங்கி இருந்தது. ஆனால் அங்கே பாஸ்போட் கேட்பார்கள், எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள், விலையும் குறைத்துப் போடுவார்கள். வங்கி வாசலில் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்திருந்து, பொழுதுபடப் பங்கு கேட்டு வீட்டுக்கு வரவும் ஆட்கள் இருந்தார்கள். காத்தான்குடித் துணிக்கடைக்காரர்கள் கேள்வி கேட்காமல் நல்ல விலைக்கு வாங்கினார்கள். எங்களிடம் தினாரை வாங்கி ரூபாய் தந்துவிட்டு, அதைக் கொண்டுபோய்க் காத்தான்குடியில் கொடுப்பதுதான் மாமியின் வேலை.

ஆனால் மாமி தருவது அன்றன்றைய விலை இல்லை. கடிதம் எழுதிய திகதியில் தினார் என்ன விலையோ, அந்த விலை. அது மாமி போட்ட சட்டம். நாளடைவில் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

"புள்ள வேர்வை சிந்தினது அண்டைக்கு. அண்டைக்கு என்ன விலையோ அதுதான் அவளுக்குரியது. புறகு ஏறினா என்ன, இறங்கினா என்ன?" என்பார்.

கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் தினார் இறங்கியதை யார் கண்டது? எங்களுடைய ரூபாய்க்குத்தான் இறங்கத் தெரியும். கடிதம் வந்து சேரும் ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்குள் தினாருக்கு இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ ஏறியிருக்கும். அந்த ஏற்றம் முழுக்க மாமியின் மடிக்குள் போகும். ஹர்த்தால், ஊரடங்கு, பாலம் உடைப்பு என்று பாதை பூட்டுப்பட்டுக் கடிதம் பிந்தப் பிந்த அவருக்குத்தான் ஆதாயம். கடிதம் கொண்டுவருகிறவர்களுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துப் பிந்தச் செய்கிறார் என்று ஒரு கதை உலாவியது. கதையைக் கட்டிவிட்டது யாரென்று தெரியாது. நானும் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

விலையெல்லாம் அவருக்கு மனப்பாடம். கிழமைக்கு ஒருதரம் களுவாஞ்சிகுடி வங்கிக்குப் போய், பலகையில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு, ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாமல் திரும்பி வருவார். நாங்கள் நாட்களை நல்லது கெட்டதால் ஞாபகம் வைத்திருப்போம். அவர் தினார் விலையால் ஞாபகம் வைத்திருப்பார். உங்கள் அண்ணனின் கலியாணம் எப்போது என்று கேட்டால், தினார் நூறைத் தாண்டிய கிழமை என்பார்.

இந்த ஞாபகம்தான் அவரைப் பற்றிய பயத்தையும் உண்டாக்கியது. எங்கள் தெருவில் ஒரு பெடியனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. ஆறேழு மாதம் கழித்து வெளிநாட்டுக்காரர் சிலர் ஒரு வானில் வந்து, காணாமற்போனவர்களின் விபரம் எழுதினார்கள். பிடித்த திகதி என்ன என்று கேட்டார்கள். தாய்க்குத் தெரியவில்லை. எந்தத் தாய் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டா மகனைப் பறிகொடுப்பாள்? திகதி இல்லாவிட்டால் கேம்பில் விசாரிக்க ஏலாது என்று அவர்கள் சொல்ல, மனுசி மண்ணில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமி திகதியைச் சொன்னார். கிழமையைச் சொன்னார். எத்தனை மணிக்கு ஜீப் வந்தது என்றும் சொன்னார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று எழுதியவர் கேட்டார்.

"அண்டைக்குத் தினார் நூத்தி இருபது."

அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிரவே ஊரில் கதை தொடங்கியது. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? காட்டிக் கொடுத்தவளுக்குத்தானே நேரமும் தெரியும்? சென்றியில் எல்லாரையும் இறக்கிச் சோதிக்கும்போது இவளை மட்டும் ஏன் சும்மா விடுகிறான்? எல்லாரிடமும் எப்போது வந்தாய், எப்போது போகிறாய் என்று கேட்டுத் திரிவது எதற்கு? எனக்கும் அந்தக் கேள்விகள் இருந்தன. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு அந்தப் பொல்லாத வருடம் வந்தது. ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, ஆமி எங்கள் ஊர்களுக்குள் வந்தான். தமிழ், முஸ்லிம் கொலைகளுக்குப் பிறகு, ஆவணியோடு காத்தான்குடிப் பக்கம் எங்கள் ஆட்களும் போகவில்லை, அங்கிருந்து இங்கே யாரும் வரவுமில்லை. இரண்டு பக்கமும் சுடலையும் மையவாடியும் நிறைந்து கிடந்தன. அந்தப் பாதையில் போய் வந்த ஒரே மனுசி மாமிதான். முக்காடு மாதிரிச் சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். அந்தக் கடைக்காரர்கள் அவரை எப்படி உள்ளே விட்டார்கள், எங்கள் பெடியன்கள் எப்படித் திரும்பி வரவிட்டார்கள் என்பது யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததை எங்கள் ஊரில் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொள்வோம்.

அதே ஆவணியில்தான் ஈராக்காரன் குவைத்துக்குள் புகுந்தான். அக்கா அங்கே. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை. குவைத் தினாரை இனி ஒருவரும் வாங்க மாட்டார்கள், அது வெறும் கடதாசி என்று கொழும்புக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

இங்கே என் தம்பி. அவனுக்குப் பத்தொன்பது வயது. றவுண்டப் என்றால் பள்ளிக்கூட வளவில் பெடியன்களை வரிசையாக நிறுத்தி, சாக்கால் முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் நடக்க விடுவார்கள். சாக்கு தலையாட்டினால் ஆள் சரி. அதற்குப் பயந்து தம்பியைத் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து படுவான்கரைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தான். அங்கே இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டது. இக்கரையிலும் வைத்திருக்க ஒண்ணாது, அக்கரையிலும் வைத்திருக்க ஒண்ணாது. கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் அவனைச் சுவிசுக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார். வட்டையில் இருந்த வயலை விற்றுப் பாதியைக் கட்டியாயிற்று. மிச்சப் பாதியை அந்தக் கிழமைக்குள் கட்டாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார்.

மிச்சப் பாதி வந்து சேர்ந்தது. தினாராக.

அக்கா அதைக் குவைத் சண்டைக்கு முன்பே ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளை கட்டுநாயக்காவில் இறங்கியபோது எங்கள் பாதைகள் பூட்டு. கொழும்பில் யாரோ வீட்டில் கிடந்துவிட்டு, ஐப்பசியில்தான் ஊர் வந்து சேர்ந்தாள். காபன் தாளில் சுற்றிய நோட்டுக்கட்டையும் கடிதத்தையும் அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தை விரித்தேன். முதலில் வலது பக்க மூலையைத்தான் பார்த்தேன்.

அக்கா திகதி போடவில்லை.

ஊரில் இதற்கு முந்தின கிழமைதான் ஒரு கூத்து நடந்திருந்தது. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், குவைத்தில் இருந்து தப்பி வந்த பெண்களிடம் செத்த தினார்களைத் தேங்காய் விலைக்கு வாங்கிச் சேர்த்தார். ஆனி மாதத் திகதி போட்டு ஒரு கடிதமும் தயாரித்தார். கொழுந்தி எழுதினாளாம், பிந்தி வந்ததாம். அந்தத் திகதி விலை தர வேண்டும் என்று மாமியிடம் போய் நின்றார். மாமி கடிதத்தை மோந்தார். வாசித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, லீவு, அதனால எழுதுறன் எண்டு இரிக்கி" என்றார். "தம்பி, குவைத்தில ஞாயிறு லீவெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. அதுவும் வீட்டுக்கார மடத்துக்கும் பாபாவுக்கும்தான். வீட்டு வேலைக்காரிக்கு லீவே இல்ல."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா போய் நாலு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓய்ந்து படுத்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு, திகதியே இல்லாத கடிதத்தோடு நாங்கள் போகிறோம்.

மாமி எங்களை ஒன்றாக இருத்தவில்லை. அம்மாவைக் கிணற்றடியில் நிற்கச் சொன்னார். என்னை உள்ளே கூப்பிட்டார். கடிதம் ஆர் கொண்டுவந்தது, எப்போது, எத்தனை மடிப்பாக இருந்தது, முதலில் பிரித்தது ஆர்? என்னை வெளியே அனுப்பி, அம்மாவைக் கூப்பிட்டு அதையே கேட்டார். கேம்பில் விசாரிப்பதும் இப்படித்தான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இந்த மனுசி இதை எங்கே படித்தது என்று கிணற்றடியில் நின்று யோசித்தேன். அம்மா அழுகிற சத்தம் கேட்டது.

பிறகு இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சுகம், விசாரிப்பு, தம்பியைக் கவனமாகப் பார், இதை அவனுடைய விசயத்துக்கு வை. கடைசியில், விடியத் தொடங்கி ஆட்டுத் தலை கழுவிக் கழுவிக் கை இரண்டும் மரத்துப் போச்சு, மணம் இன்னும் போகுதில்லை, இந்தக் கையால்தான் எழுதுகிறேன் என்று இருந்தது.

"நிப்பாட்டு" என்றார் மாமி. "அத மறுகா வாசி."

மறுபடி வாசித்தேன். மாமி தன்னுடைய வலது கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அது அவர் அறிந்து செய்ததா என்று தெரியாது. சட்டென்று இறக்கிவிட்டார்.

"அது ஹஜ்ஜுப் பெருநாள்" என்றார். "நோன்புப் பெருநாளுக்கு இவ்வளவு ஆடு விழாது. இங்க ஊரடங்குக்குள்ள றேடியோவில பெருநாள் நிகழ்ச்சி போட்ட கிழமை. அங்க ஒரு நாள் முந்தி." கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார். "நூத்தி முப்பத்தஞ்சு."

அப்போதுதான் அம்மா கெடுத்தாள்.

"மச்சாள், இந்த நோட்டு இனிச் செல்லாதாமே. எல்லாரும் சொல்லுறாங்க."

நான் அம்மாவின் கையில் கிள்ளினேன். பலமாகத்தான் கிள்ளினேன். மாமி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"காத்தான்குடி முதலாளி இத வாங்கிறத்த விட்டு ரெண்டு மாசம். எனக்குத் தெரியாதா?" என்றார். "செல்லுறது செல்லாதது என்ட பாடு. திகதிதான் உங்கட பாடு. நாளைக்கு வெள்ளனக் கோயிலடிக்கு வா."

அன்றிரவு அம்மாவும் நானும் நித்திரை கொள்ளவில்லை. மாமி வரமாட்டா என்றேன். நோட்டுக்கட்டையும் அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம். காலையில் கோயிலடியில் நின்றார். பக்கத்தில் யாரும் இல்லையென்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முதல்முதலாகக் குடையை விரித்தார். துணிக்கும் கம்பிக்கும் இடையில் சீலைத்துண்டுகளில் சுற்றிய ரூபாய்த் தாள்கள். இவ்வளவு காலமும் ஊர் ஊராக அதைத்தான் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நான் ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, கள்ள நோட்டா என்று பார்த்தேன். அவருடைய முகத்துக்கு முன்னாலேயே பார்த்தேன்.

"அப்பிடித்தான் பாக்கணும்" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சரியாக நூற்றி முப்பத்தைந்து. ஒரு ரூபாய் குறையவில்லை. குவைத் சண்டைக்கு முந்தின உண்மையான கடிதம் இருந்த மற்ற இரண்டு வீடுகளுக்கும் திகதி விலை கொடுத்தார். பிந்தி நோட்டோடு வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "இப்பக் கொண்டுவந்தா இப்பத்த விலை. இப்பத்த விலை இல்ல" என்று கதவைச் சாத்தினார். வருடக்கணக்காக எங்களிடம் கிள்ளிக் கிள்ளி எடுத்ததைத்தானே திருப்பித் தந்திருக்கிறார், இதில் என்ன பெரிய தருமம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தாள்களைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தபோது வழி முழுக்க அழுதேன்.

தம்பி அந்தக் கிழமையே சுவிசுக்கு விமானம் ஏறினான். அடுத்த மாதம் எங்கள் தெருவில் பெரிய றவுண்டப். அவனோடு பந்தடித்த இரண்டு பேரைப் பார்த்துச் சாக்கு தலையாட்டியது. அவர்கள் இன்றுவரை வரவில்லை.

கார்த்திகையில் அக்கா ஜோர்தான் வழியாக உடுத்த உடுப்போடு வந்து இறங்கினாள். நடந்ததைச் சொன்னோம். அவள் நம்பவில்லை. "அங்க ஒரு போத்தல் தண்ணிக்கு நீட்டினனான், அந்த நோட்ட ஆரும் தொடல்ல. அந்த மனுசிக்கு என்ன விசரா?" என்றாள்.

விசர் இல்லை என்று பங்குனியில் ஊர் கண்டுபிடித்தது. ஈராக்காரனைத் துரத்திவிட்டார்கள், குவைத் அரசாங்கம் புது நோட்டு அடிக்கிறது, பழைய நோட்டைக் கொடுத்து மாற்றலாம், கொஞ்ச நாள்தான் தவணை, பிறகு ஒருபோதும் மாற்ற ஏலாது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். நேற்றுவரை விசரி என்றவர்கள் கள்ளி என்றார்கள். முழு விலைக்கு மாற்றப் போகிறாள், எல்லாம் தெரிந்துதான் வாங்கினாள், திகதி நியாயமெல்லாம் நாடகம் என்றார்கள். சைக்கிள் கடைக்காரர்தான் கூடச் சத்தம் போட்டார். அவர் தன்னுடைய நோட்டுகளைக் கோபத்தில் அடுப்பில் போட்டுவிட்டாராம்.

எனக்கும் கோபம் வந்தது. நான் அழுதுகொண்டு நடந்த நடையை நினைத்துக் கோபம் வந்தது. காலை கொழும்பு பஸ்ஸுக்கு மாமி சந்தியில் நிற்பதைக் கண்டு போனேன். நல்ல சேலை, கக்கத்தில் குடை.

"ஆர் உன்னை அனுப்பினது?" என்றார்.

"ஆரும் இல்ல. மாமி, இது திரும்பச் செல்லுமெண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? உன்ட தம்பி போயிட்டானா இல்லியா?"

பஸ் வரும் பக்கம் பார்த்தார். பிறகு கிறுகி என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"இண்டைக்குத் திகதி என்ன?"

அவருக்குத் தெரியாத திகதியா? நான் சொன்னேன்.

"ஓம். அத மறந்திராதகா."

கொழும்பு போவதற்குள் எத்தனை சென்றி என்று எண்ண வேண்டியதில்லை. ஆமி, அதிரடிப்படை, ஆமியோடு நின்ற இயக்கங்கள், நிற்காத இயக்கம். எல்லா இடத்திலும் இறங்கி ஏற வேண்டும். மாமி திரும்பி வரவில்லை. ஒரு மாதம் பார்த்தோம். தவணையும் முடிந்தது. முற்றத்தில் புல் வளர்ந்தது.

சல்லியோடு ஓடிவிட்டாள் என்றது ஊர். கண்டியில் கண்டதாக ஒருவர் சொன்னார், கொட்டாஞ்சேனையில் வீடு வாங்கியிருக்கிறாள் என்று இன்னொருவர். தம்பி சுவிசில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பான்.

"திகதி மாமி வந்தவவா?"

"எங்கயாவது நல்லா இரிப்பா. ஆரையாவது ஏமாத்திக்கொண்டு" என்பேன். அவன் சிரிப்பான்.

பல வருடம் கழித்து மறுபடி ஒரு வான் வந்தது. மறுபடி காணாமற்போனவர்களைப் பதிந்தார்கள். புல் வளர்ந்த வளவைக் காட்டி, இங்கே யார் என்று என்னிடம் கேட்டார்கள். மாமி சொல்லித் திரிந்த மூன்று பேர்களையும் சொன்னேன். திகதி சொன்னேன், பஸ் வந்த நேரம் சொன்னேன், குடையில் ஒரு கம்பி முறிவு என்றும் சொன்னேன். எழுதிய பெடியன் பேனையை நிப்பாட்டினான்.

"அக்கா, அவ சல்லியோட ஓடினவ எண்டுதானே இங்க எல்லாரும் சொல்லுறாங்க?"

"தம்பி, ரெண்டையும் எழுதுங்க" என்றேன்.

ஊரில் யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிற வாய் என்னுடையது. மாமி கள்ளி என்று சொல்லும்போது மட்டும் மறுப்பதில்லை. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். எங்களை எல்லாரையும் ஏமாற்றிவிட்டு, வேறு ஒரு பேரில், தெருவைப் பார்த்தபடி, யாரோ ஒருவர் முதல் வாய் குடிக்கட்டும் என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருங்கள் மாமி.